பலாலி விமான நிலையத்தின் பூர்வோத்தரம்

நமது சங்கத்துக் குடும்பங்களுள் பல, கடலுக்கு இக்கரையில் ஒரு கிளையும் அக்கரையில் மற்றொரு கிளையுமாக வாழ்ந்து வருபவை. கலியாணம், காடாற்று, கோயில் திருவிழா, வைத்தியம், பிள்ளைகளின் படிப்பு ஆகிய காரணங்களை முன்னிட்டு யாழ்ப்பாணத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் போக்குவரவு செய்வது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அங்ஙனம் போக்குவரவு செய்வோருள் இளைஞர் சிலர், கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்காவில் உள்ள பெரிய விமான நிலையத்தை விட்டுப் பலாலியில் உள்ள சிறு நிலையத்தில் ஏறுவது தகுமோ, தகாதோ என்று எம்மை வினவினர். அவ்வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயினும், அச்சிறு நிலையம் நேற்று முளைத்ததன்று. அதன் வரலாற்றில் நம்மவரின் சுகமும் துக்கமும் ஒருங்கே கலந்து கிடக்கின்றன. ஆகையால் அதனைச் சிறிது விரித்து எழுதத் துணிந்தோம்.

முதற்கண் இடத்தின் அமைப்பை அறிதல் நன்று. பலாலி என்பது யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு வடக்கே ஏறக்குறைய 10 மைல் தூரத்தில், வலிகாமம் வடக்கில் உள்ள செம்மண் பூமி. மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன், காங்கேசன்துறை என்பன அதனை அடுத்துள்ள ஊர்கள். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் கீரிமலைத் தீர்த்தமும் வெகு தூரத்தில் இல்லை. அவ்விடத்திலிருந்து நேரே வடக்கு நோக்கினால், கடலுக்கு அப்பால் சுமார் 60 கிலோமீற்றர் தூரத்தில் கோடிக்கரை இருக்கிறது. திருச்சிராப்பள்ளி ஆகாய மார்க்கமாக 200 கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் உள்ளது. கட்டுநாயக்காவோ அதே ஆகாய மார்க்கத்தில் 290 கிலோமீற்றர் அளவு தெற்கே இருக்கிறது. அதாவது, பலாலியில் நிற்பவனுக்குத் தன் நாட்டுப் பெரிய விமான நிலையத்தைக் காட்டிலும் அயல்நாட்டுத் திருச்சிராப்பள்ளியே சமீபம். இன்னும் ஒரு விநோதம் உண்டு. தேசப்படத்தை விரித்து வைத்துக் கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு ஒரு நேர்கோடு இழுத்துப் பாருங்கள். அக்கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலேயே செல்லக் காண்பீர்கள். பலாலி மூடிக் கிடந்த காலத்தில், யாழ்ப்பாணத்தான் சென்னைக்குப் போக வேண்டின், இரவு முழுவதும் தெற்கு நோக்கி வண்டியில் பிரயாணம் செய்து, விமானம் ஏறி, மறுபடி தன் ஊரின் திசையாகவே வடக்கு நோக்கிப் பறந்து போக வேண்டியிருந்தது!

ஆகாய விமானம் தோன்றுமுன் இவ்வழி எங்ஙனம் இருந்தது என்பதையும் கூறுதல் வேண்டும். ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை முதலிய துறைகளினின்றும் பாய்க்கப்பல்கள் நாகப்பட்டினத்துக்கும் பிற துறைகளுக்கும் ஓடின. ஆறுமுக நாவலர் 1849-ம் வருஷத்தில் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குச் சென்றதும், 1864-ம் வருஷத்தில் சிதம்பரத்தில் வித்தியாசாலை ஸ்தாபித்ததும், சி. வை. தாமோதரம்பிள்ளை 1857-ம் வருஷத்தில் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகத் தேறியதும் ஆகிய எல்லாம் அக்கடல் வழி திறந்திருந்ததன் பலனேயாகும். (வல்வெட்டித்துறைத் தச்சர் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938-ம் வருஷத்தில் அமெரிக்கக் கரையையே அடைந்தது. நம் பிள்ளைகளுக்கு இதனை ஒருமுறை சொல்லி வைத்தல் நன்று.) 1914-ம் வருஷத்தில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கவே, சென்னையில் ரெயில் ஏறியவர் ஒரே டிக்கெட்டில் கொழும்பு சேரும் சௌகரியம் உண்டாயிற்று. 1964-ம் வருஷம் டிசம்பர் மாதத்துப் பெரும் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்பு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் யுத்தத்தினால் நின்றது.

இனிப் பலாலிக்கு வருவோம். இரண்டாம் உலக மகா யுத்த காலத்தில், 1942-ம் வருஷம் ஏப்ரல் மாதம் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீதும் திருகோணமலையின்மீதும் குண்டு வீசின. அந்த யுத்தத்தின்போது பிரிட்டிஷ் ஆகாயப் படையினர் வலிகாமம் வடக்கில் ஒரு விமானத்தளம் அமைத்தனர். அது காங்கேசன்துறையின் பெயராலேயே அக்காலத்தில் வழங்கிற்று. யுத்தத்துக்கென்று செய்த பொருள்களுட் பெரும்பாலானவை யுத்தம் முடிந்தபின் துருப்பிடித்துப் போவதே உலக இயல்பு. இத்தளமோ அவ்வாறு போகவில்லை.

1947-ம் வருஷம் டிசம்பர் மாதம் 10-ந் தேதி இலங்கையின் ஆகாயப் போக்குவரவுச் சரித்திரத்தில் முக்கியமான தினம். அன்றுதான் ஏர் சிலோன் ஸ்தாபனத்தின் முதல் விமானம் இரத்மலானையில் எழும்பிக் காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றது. அந்த ஸ்தாபனத்திடம் இருந்தவை மூன்று டக்கோட்டா விமானங்கள்; மூன்றும் யுத்தத்தில் உழைத்துக் கழிக்கப்பட்டுப் பின் பிரயாணிகளுக்கென்று திருத்தப்பட்டவை. அவற்றுக்குச் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்ராதேவி என்று பெயரிட்டிருந்தனர். முதற் பிரயாணம் செய்தது சீதாதேவி. இலங்கையினின்றும் கடல் கடந்து பாரத பூமிக்குத் திரும்பும் விமானத்துக்குச் சீதையின் பெயர் வாய்த்தமை பொருத்தமே என்று அக்காலத்தார் எண்ணி மகிழ்ந்திருத்தல் கூடும். ஒன்றை மாத்திரம் கவனித்தல் வேண்டும். இலங்கை சுதந்தரம் பெற்றது 1948-ம் வருஷம் பெப்ருவரி மாதம். அதற்கு முன்னரே, அந்நாட்டுத் தேசீய விமான ஸ்தாபனத்தின் முதல் வழியிலேயே, யாழ்ப்பாணத்துச் செம்மண் தளம் ஒரு நிலையமாக அமைந்துவிட்டது. அதனைப் பின்னாளில் யாரோ தயை கூர்ந்து அளித்த சலுகையாக நினைப்பது தவறு.

அதன்பின் ஏறக்குறைய 30 வருஷ காலம் பலாலி இலங்கையின் இரண்டாம் சர்வதேச விமான நிலையமாக விளங்கிற்று. தென்னிந்திய நகரங்களுக்கும் கொழும்புக்கும் அங்கிருந்து விமானங்கள் சென்றன. 1956-ம் வருஷம் ஏப்ரல் மாதம் யாழ்தேவி என்னும் ரெயில் ஓடத் தொடங்கிய பின்பும், அவசர காரியமுடையோர் விமானத்தையே நாடினர். இதற்கிடையில் நீகொழும்புக்கு அருகே கட்டுநாயக்காவில் இருந்த யுத்தகாலத் தளத்தைக் கனடா தேசத்தின் உதவிகொண்டு பெரிய நிலையமாகக் கட்டும் வேலை 1964-ம் வருஷத்தில் ஆரம்பமாகி, 1967-ம் வருஷத்தில் நிறைவேறியது. ஜெட் விமானங்களுக்கு நீண்ட ஓடுபாதை வேண்டும்; அதனை ஒரிடத்தில் அமைத்துவிட்டால் எல்லா வழிகளும் அவ்விடத்தையே நாடும். இது இலங்கைக்கு மாத்திரம் உரிய செய்தியன்று. உலகெங்கும் அவ்வாறே நடந்தது. ஆற்றில் பெரு மடு ஒன்று உண்டானால் சுற்றுப்புறத்து நீரெல்லாம் அதனுள் இறங்குவதைப் போல, பெரிய நிலையம் ஒன்று எழுந்தால் சிறிய நிலையங்கள் வற்றத் தொடங்கும்.

ஆயினும் பலாலி வற்றியது அக்காரணத்தால் மாத்திரம் அன்று. 1978-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 7-ந் தேதி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஏர் சிலோன் ஆவ்ரோ விமானம் ஒன்று, பிரயாணிகள் இறங்கியபின் இரத்மலானையில் வெடிகுண்டினால் அழிந்தது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. அடுத்த வருஷத்தில் ஏர் சிலோன் போய் ஏர் லங்கா வந்தது. 1983-ம் வருஷத்துக் கலவரமும் அதனைத் தொடர்ந்த யுத்தமும் பலாலியைப் பெரும்பாலும் இராணுவத் தளமாகவே ஆக்கிவிட்டன. 1987-ம் வருஷம் வந்த இந்தியப் படையினர்க்கும் அதுவே பாசறையாயிற்று. 1990-ம் வருஷம் ஜூன் மாதத்தில் மீண்டும் யுத்தம் மூண்டபோது யாழ்தேவியும் நின்றது, வீதியும் அடைபட்டது, தளத்தைச் சூழ்ந்திருந்த ஊர்களின் ஜனங்கள் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினர். சில நாளில் திரும்பிவிடலாம் என்றே அவர்கள் நினைத்தனர். அவர்களுட் சிலர் திரும்புவதற்கு 25 வருஷங்களுக்கு மேல் சென்றன; பலர் திரும்பாமலே காலஞ்சென்றனர்.

1990-களின் பிற்பகுதியில் குடாநாட்டார்க்குப் பிற இடங்களோடு தொடர்பு கப்பலாலும் விமானத்தாலும் மாத்திரமே இருந்தது. தனியார் ஸ்தாபனமாகிய லயன் ஏர் பலாலிக்கும் இரத்மலானைக்கும் விமானம் ஓட்டிற்று. 1998-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 29-ந் தேதி பலாலியில் எழும்பிய அதன் அந்தோனொவ் விமானம் சில நிமிஷங்களுக்குள் மேற்குக் கடலின்மேல் காணாமற் போயிற்று. பிரயாணிகள் 48 பேரும் விமானச் சிப்பந்திகள் 7 பேரும் ஆக 55 பேரும் மாண்டனர். அது புலிகள் எய்த ஏவுகணையினால் வீழ்ந்தது என்பது பின்னர் வெளிப்பட்டது. பல வருஷங்களுக்குப்பின், யுத்தம் ஓய்ந்த காலத்தில், இரணைதீவுப் பக்கத்துக் கடலடியிலிருந்து அவ்விமானத்தின் சிதைவுகளை எடுத்தனர். அவற்றோடு கிடைத்த உடைகளும் சிறு பொருள்களும் 2014-ம் வருஷம் யாழ்ப்பாணத்தில் பரப்பி வைக்கப்பட்டன. உறவினர் வந்து அடையாளங் காணவேண்டி அவ்வாறு செய்தனர். 15 வருஷம் உப்பு நீரில் கிடந்த ஒரு சட்டையைப் பார்த்து, இது என் மகனுடையது என்று ஒரு தாய் சொல்லவேண்டிய நிலையை எண்ணுங்கால் எமது எழுதுகோல் மேலே செல்லத் தயங்குகிறது. பலாலியில் விமானம் ஏறுவது சௌகரியமோ என்று இன்று இலேசாகக் கேட்கும் இளைஞர்கள், அவ்விமானத்தில் ஏறியவர்கள் வேறு வழியின்றியே ஏறினர் என்பதை அறிதல் வேண்டும்.

2002-ம் வருஷத்துப் போர்நிறுத்தத்தால் கண்டி வீதி திறந்தது. 2006-ம் வருஷம் ஆகஸ்டில் மறுபடி அடைபட்டது. 2009-ம் வருஷம் மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. 2014-ம் வருஷம் அக்டோபர் மாதம் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது; 2015-ம் வருஷம் ஜனவரியில் காங்கேசன்துறை வரை சென்றது. இவ்வாறு தெற்கு நோக்கிய வழிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வடக்கு நோக்கிய வழி மாத்திரம் அடைபட்டே கிடந்தது. சென்னையில் சிகிச்சை பெறவேண்டிய நோயாளியும், சிதம்பரம் தரிசனம் விரும்பிய கிழவியும், கொழும்பு சென்று ஓர் இரவு உறங்காது கழித்துப் பின்னரே விமானம் ஏறினர். பெரிய நிலையத்தின் சௌகரியங்களை நாம் குறைத்துக் கூறவில்லை. கட்டுநாயக்காவில் ஒரு விமானம் தவறினால் வேறொன்று கிடைக்கும். லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் அங்கிருந்தே போகலாம். ஆனால் ஊன்றுகோல் பிடித்து நடக்கும் முதியவர்க்கு அவ்வகன்ற மண்டபங்களும் நீண்ட வரிசைகளும் ஒரு தண்டனையே.

2019-ம் வருஷம் ஜூலை மாதம் பலாலியைத் திருத்தும் வேலை ஆரம்பமாயிற்று. இந்திய சர்க்காரும் அதற்குப் பொருளுதவி செய்தது. அவ்வருஷம் அக்டோபர் மாதம் 17-ந் தேதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனாவும் பிரதம மந்திரி ரணில் விக்கிரமசிங்காவும் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்னும் பெயரோடு அதனைத் திறந்து வைத்தனர். அன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் ஒன்று வந்திறங்கிற்று. நவம்பர் மாதம் 11-ந் தேதி முதல் கிரமமான சேவை நடந்தது. நிலையத்தின் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடம் பெற்றிருந்தது பற்றித் தெற்கே சிலர் முறுமுறுத்தனர். தமிழர் வாழும் ஊரில் தமிழ் முன்னிற்பதில் வியப்பு யாது? அது நிற்க.

நான்கு மாதம் சென்றது. 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கொரோனா நோய் உலகெங்கும் பரவவே, பலாலியும் அடைபட்டது. அந்நோய் தணிந்து கட்டுநாயக்கா திறந்தபின்னும் பலாலி உடனே திறக்கவில்லை. இலங்கையில் 2022-ம் வருஷம் நேர்ந்த கடும் பொருளாதார நெருக்கடியும் இடையில் வந்து சேர்ந்தது. சிறு நிலையத்தின் துர்ப்பலம் இங்கே நன்கு புலப்படுகிறது. ஒரே ஸ்தாபனம், ஒரே வழி, வாரத்தில் சில விமானங்கள் என்று நடக்கும் நிலையத்தில் அந்த ஒன்று நின்றால் யாவும் நிற்கும். 2022-ம் வருஷம் டிசம்பர் மாதம் 12-ந் தேதி அலையன்ஸ் ஏர் விமானம் மறுபடியும் சென்னையிலிருந்து வந்தது.

யாம் அதற்குப் பின் ஒருமுறை சென்னையினின்றும் பலாலிக்குச் சென்றோம். விமானம் சுழல்விசிறிகள் பூண்ட ஏ.டி.ஆர். வகையைச் சேர்ந்தது, 70 பேர் அளவில் அமரலாம். ஜெட் விமானத்தைப்போல் மேக மண்டலத்துக்கு மிக உயரே போகாமல் ஓரளவு தாழப் பறப்பதால், கடலும் கரையும் தெளிவாகத் தெரிந்தன. இறங்குங்கால், சிவந்த மண்ணும் வாழைத் தோட்டமும் பனங்கூட்டமும் ஒரு பக்கம். கூரையிழந்த வீடுகளின் சுவர்களுக்குள் மரங்கள் முளைத்து நிற்பது மற்றொரு பக்கம். நிலையம் ஒரு கலியாண மண்டபத்தின் அளவேயுள்ளது. உத்தியோகஸ்தர் ஒருவர் எமக்கு முன்னின்ற மூதாட்டியிடம், “எங்கையம்மா போறியள்? ஆர் வந்திருக்கினம் கூட்டிக்கொண்டு போக?” என்று தமிழிற் கேட்டார். அவ்வம்மையாரும் தம் மகளின் பெயரும் ஊரும் சொல்லி, மகள் வெளியே நிற்பாள் என்று விடை கூறினார். பெட்டி கைக்கு வரவும் வெளியே செல்லவும் வெகுநேரம் ஆகவில்லை.

இத்தகைய விமானமே பலாலிக்கு ஏற்றதாவது ஏன் என்று சிலர் கேட்கலாம். ஓடுபாதையில் விமானங்களுக்கென்று செப்பனிட்ட பகுதி 1,400 மீற்றர் அளவே. கட்டுநாயக்காவின் ஓடுபாதையோ 3 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. ஜெட் விமானம் வேகமாய் வந்திறங்குவதாகையால் அது நிற்பதற்கு நெடுந்தூரம் வேண்டும். பாரம் நிறைந்து எழும்புதற்கு அதனினும் அதிகம் வேண்டும். சுழல்விசிறி விமானமோ குறுகிய தூரத்தில் எழும்பி இறங்கும். குறுகிய பிரயாணத்தில் எண்ணெய்ச் செலவும் அதற்குக் குறைவு. ஒரு மணி, ஒன்றேகால் மணி நேரத்துப் பிரயாணத்தில் ஜெட்டின் வேகத்தால் மிஞ்சுவது சில நிமிஷங்களே. ஆனால் அதில் ஏற்றும் சாமான் அளவு கட்டுப்பட்டது. புடைவைக் கட்டுகளையும் பாத்திரங்களையும் வாரிக்கொண்டு வரும் கலியாணக் கோஷ்டியார் இதனை முன்னரே விசாரித்துக் கொள்ளல் வேண்டும். பருவமழைக் காலத்தில் பிரயாணம் செய்வோர், மறுநாட்காலை முகூர்த்தம் என்று வைத்துக்கொண்டு முதல்நாள் மாலை விமானத்தை நம்பாமல், இரண்டொரு நாள் முன்னதாகச் செல்லுதல் உத்தமம். பிற தேசங்களுக்குச் செல்பவர் சென்னையில் விமானம் மாறிச் செல்லலாம். ஆயினும் இரண்டு டிக்கெட்டுகளையும் தனித்தனியே வாங்கினால், முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறும்போது நஷ்டம் பிரயாணியையே சாரும்.

இவையெல்லாம் பிரயாணிகளின் காரியம். நிலத்துக்குரியவரின் காரியம் வேறொன்று இருக்கிறது. 2013-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் சர்க்கார் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் நிலத்தை இராணுவத்துக்கென்று சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டிற்று. நிலத்துக்குரியோர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் நீதிமன்றம் சென்றனர். 2015-ம் வருஷத்துக்குப்பின் பகுதி பகுதியாக நிலம் திரும்பியது. மயிலிட்டித் துறைமுகம் 2017-ம் வருஷம் ஜூலை மாதம் விடப்பட்டது. திரும்பாத பகுதியும் உண்டு. ஓடுபாதையை நீட்டினால் பெரிய விமானங்கள் வருமே என்று இப்பொழுது பேசுகின்றனர். ஓடுபாதை ஆகாயத்தில் நீளாது; மண்ணின்மேல்தான் நீளும். அம்மண் வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளைந்த தோட்டம். ஒருவருடைய பாட்டன் வெட்டிய கிணறு அதில் இருக்கிறது. விமான நிலையம் வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. அதற்கென்று கொள்ளும் நிலம் இவ்வளவு என்று வரையறுத்து, உரியவர்க்கு முன்னதாக விலையோ மாற்று நிலமோ கொடுத்து, எஞ்சியதை விட்டுவிடுதல் முறை. விமானத்தின் பெயரைச் சொல்லிப் பாசறைக்கு நிலம் கொள்வதை முறை என்று கூற எமக்கு நா எழவில்லை. கலியாணத்துக்குப் பறந்து செல்லும் நமக்கும் அந்நிலத்துக்குரியவர்க்கும் இடையே உறவு இல்லை என்று எவரும் நினைத்தல் வேண்டா. நம் டிக்கெட்டின் விலையில் ஒரு பங்கு அவர்கள் முன்னரே செலுத்தியதாகும்.

இனி அண்மையில் நடந்தவற்றைக் கூறுவோம். 2024-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 1-ந் தேதி இண்டிகோ ஸ்தாபனமும் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் தினசரிச் சேவை ஆரம்பித்தது. இரண்டு ஸ்தாபனங்கள் ஒரு வழியில் ஓடினால் கட்டணத்தில் போட்டி உண்டாகும். ஒன்று நின்றாலும் மற்றொன்று உதவும். முன்னே கூறிய துர்ப்பலத்துக்கு இதுவே மருந்து. 2025-ம் வருஷம் மார்ச்சு மாதம் 30-ந் தேதி திருச்சிராப்பள்ளிக்கும் அதே ஸ்தாபனம் விமானம் விட்டது. தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டைப் பகுதிகளில் உறவினரை உடையோர்க்குச் சென்னை சென்று திரும்பும் அலைச்சல் இதனால் தவிர்ந்தது. கடல் வழியும் மீண்டது: நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-ம் வருஷம் அக்டோபர் மாதம் 14-ந் தேதி ஒரு பிரயாணிக் கப்பல் ஓடிச் சின்னாளில் நின்றது, 2024-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 16-ந் தேதி சிவகங்கை என்னும் கப்பல் அவ்வழியில் மறுபடி புறப்பட்டது. மிகுந்த சாமானுடையோர் அதனை விசாரித்துப் பார்க்கலாம்.

கட்டுநாயக்காவோ பலாலியோ என்று எம்மைக் கேட்ட இளைஞர்களுக்கு யாம் சொல்வது இதுவே. மேல்நாடு செல்வதாயின் கட்டுநாயக்காவுக்கே போங்கள். சென்னைக்கும் திருச்சிக்கும் முதியோரை அழைத்துச் செல்வதாயின் பலாலியில் ஏற்றுங்கள்; ஜன்னலோரத்து ஆசனத்தை அவர்களுக்கு விட்டுவிடுங்கள்.